நடைமேடைச் சீட்டு

ரத்த அறிக்கையில் ஒன்பது என்றிருந்தது.
முப்பதாவது வேணும் ஆச்சி, என்றார் டாக்டர்.
காரைக்குடியில் வெயிலுக்கா பஞ்சம் என்று
அவரே சிரித்தும் கொண்டார்.

எங்கள் வளவில் வெயிலுக்கு முறை உண்டு.
காலையில் கூழ்வற்றல்,
பத்தரைக்கு மேல் மிளகாய்,
தலையணைகளுக்குக்கூட மாதம் ஒரு நாள்.
எனக்குத் தூண் நிழலும்
காக்கா விரட்ட ஒரு கம்பும்.

சிகப்பி என்று பெயர் வைத்தார்கள்.
பிறந்தது கறுப்பாய்.
பெயரைக் காப்பாற்றும் வேலை
ஏழு வயதில் தொடங்கியது:
“வெயில்ல நிக்காதடி, யாரு கட்டுவா?”
கட்டி இருபத்திரண்டு வருஷமாச்சு.
இன்னும் யாருக்கோ பயந்து குடை பிடிக்கிறேன்.

ஸ்கூட்டியில் முழங்கைவரை உறை,
முகத்தைச் சுற்றித் துப்பட்டா,
கண் மட்டும் வெளியே.
கண்ணில் ஊறாதாம் அந்த வைட்டமின்.
அப்புறம் நகைக்கடை, கணக்கு மேசை, ஏசி,
ராத்திரி எட்டுவரை குழல்விளக்கு.
படுத்தபின் கால் எலும்பு முனகும்.

“பதினொன்றுக்கு மேல இருபது நிமிஷம்
கையும் காலும் தெரிய நில்லுங்க.”

எங்கே?
மாடியில் நின்றேன்.
எதிர்க் கட்டடத்தில் கொத்தனார்களின் கரணை நின்றது.
வாசலில் நின்றேன்.
“என்ன ஆச்சி, சாவியத் தொலைச்சிட்டீகளா?”
“ஆட்டோ வேணுமா?”
“வீட்ல ஏதும் சண்டையா?”
வெயிலில் நிற்கும் பெண்ணின் கையில்
ஒரு காரணம் இருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில்
ஸ்டேஷனுக்குப் போனேன்.
பத்து ரூபாய், நடைமேடைச் சீட்டு.
கூரை முடிந்த பிறகும் நடந்தால்
கடைசியில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. சுட்டது.
வண்டிக்குக் காத்திருப்பவளை
ஏன் என்று யாரும் கேட்பதில்லை.
ரவிக்கைக் கையைச் சுருட்டினேன்,
புடவையைக் கெண்டைக்கால்வரை.
பேச்சுவார்த்தை விட்டுப்போன சொந்தக்காரி மாதிரி
பக்கத்தில் வந்து உட்கார்ந்தது வெயில்.

பத்து நாளில் மாமியார் கண்டுகொண்டார்.
வளையல் கிடந்த இடம் மட்டும் வெளுப்பு.
ஒன்றும் சொல்லவில்லை.
கடலைமாவு டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

வியாழக்கிழமை பெஞ்சில் இன்னொருத்தி.
ஜவுளிக்கடைச் சீருடைக் கோட்டு மடியில் கிடக்க
உள்ளங்கைகள் வானம் பார்க்க இருந்தாள்.
கோட்டில் குத்திய பெயர் ஆரோக்கியம்.
எந்த வண்டிக்கு, என்றேன்.
“சும்மாதான்க்கா.”
கொஞ்சம் கழித்து, தண்டவாளத்தைப் பார்த்தபடி,
“ஏழு.”
“ஒன்பது” என்றேன்.

சரக்கு வண்டியொன்று போய்க்கொண்டே இருந்தது.
தூக்குச்சட்டியைக் கீழே இறக்கிவைத்து
அவள் நிழல் பக்கமாய் நகர்ந்தாள்,
எனக்கு இடம் விட்டு.