இனி இவ்வாறு அழைக்கப்படுவார்

புதன்கிழமை அரசிதழில்
பெயர் மாறுகிறவர்களுக்கு மெய்ப்பு பார்ப்பது என் வேலை.
அண்ணா சாலை இரைச்சலுக்கு உட்பக்கம்
மின்விசிறிக்கு அடியில்
காகிதம் பறக்காமலிருக்க ஒரு கருங்கல், சிவப்பு மை.
ராசி எண்ணுக்காக ஓர் எழுத்தைக் கூட்டிக்கொள்வோர் அதிகம்.
அவர்களை யாரும் ஏன் என்று கேட்பதில்லை.
சாமியை மாற்றினவர்கள் மட்டும்
கூடுதலாக ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும்.

புளியந்தோப்பு செவந்தி
முதலில் வந்தது கல்யாணத்துக்கு முன்.
இனி ஜெசிந்தா என அழைக்கப்படுவார் என்று அச்சடித்தோம்.
ஞானஸ்நானத் தண்ணீர் தலையில் காய்வதற்குள்
பட்டியல் வகுப்பு பிற்பட்ட வகுப்பாகிவிட்டது.
தெரு மாறவில்லை.
தண்ணீர் லாரி வரிசையில் அவள் குடம் நின்ற இடமும் மாறவில்லை.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதில் போட்ட ஆணை
இந்த இந்த மதங்களில் மட்டும்தான்
அந்தத் தீட்டு உண்டு என்கிறது.
கல்லறைத் தோட்டத்து நடுச்சுவருக்கு
அதை யாரும் படித்துக் காட்டவில்லை.

பதினோரு வருஷம் கழித்துத் திரும்பி வந்தாள்.
தாட்கோ கடனில் ஒரு தையல் கடை.
கடனுக்குப் பழைய சான்றிதழ் வேண்டும்,
பழைய சான்றிதழுக்குப் பழைய சாமி.
'காரணம்' என்ற கோட்டின்மேல் பேனாவை வைத்துக்கொண்டு
"லோனுக்குன்னு போடலாமா சார்?" என்றாள்.
"மனப்பூர்வமாகன்னு போடும்மா," என்றார் எங்கள் குமாஸ்தா,
தலை நிமிராமல்.
போட்டாள்.

கிள்ளானில் என் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவன்
காதலித்தவளுக்காகக் கலிமா சொன்னான்.
அவள் போய்விட்டாள்.
அடையாள அட்டையில் அந்தச் சொல் போகவில்லை.
அதை எடுக்க ஒரு நீதிமன்றம் சம்மதிக்க வேண்டுமாம்,
ஒன்பது வருஷமாக வாய்தா.
பாரீஸுக்குப் போன காரைக்கால் சிநேகிதன் சொல்வான்,
மகள் தினமும் பள்ளிக்கூட கேட்டில்
முக்காட்டை மடித்துப் புத்தகப் பைக்குள் வைக்கிறாள் என்று.
சாயங்காலம் அதே கேட்டில் எடுத்துக் கட்டுகிறாளாம்,
ஜாமெட்ரி பாக்ஸின் பென்சில் தூள் ஒட்டியிருக்க.
ஓரிடத்தில் கழற்ற விடமாட்டார்கள்,
ஓரிடத்தில் போட விடமாட்டார்கள்.
எல்லா ஊரிலும் ஒரு கவுண்டர் இருக்கிறது,
உணவு இடைவேளை ஒன்றரை முதல் இரண்டரை.

பிழை என்னுடையதுதான்.
செவந்தி என்று வந்ததைப் பார்த்து
ஒரு 'வ்' விட்டுப்போயிற்று என்று நானே சேர்த்தேன்.
தமிழ் படித்தவன்.
செவ்வந்தி என்று அச்சாகி ஊரெல்லாம் போய்விட்டது.
வங்கியில் அவளைத் திருப்பி அனுப்பினார்கள்.
ஆதாரில் ஒரு பூ, அரசிதழில் வேறு பூ.

சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன்.
அரசிதழை மேஜைமேல் விரித்து
அந்த ஒற்றெழுத்தின்மேல்
ஊசி குத்தித் தழும்பேறிய விரலை வைத்தாள்.
"ரெண்டு சாமியும் எழுத்துப் பிழை பாக்காது சார்.
பேங்க்தான் பாக்குது."

திருத்தத்துக்குப் புதுக் கட்டணம் இல்லை என்று
மேலதிகாரியிடம் மூன்று நாள் வாதாடினேன்.
என் பணிப்பதிவேட்டிலும் ஒரு கட்டம் இருக்கிறது,
வேலைக்குச் சேர்ந்த அன்று யாரோ நிரப்பியது.
கோயில் வாசல் மிதித்து இருபது வருஷம்.
திருத்தக் கேட்டதில்லை.
எதைப் போடச் சொல்வது?

அடுத்த புதன், பதினேழாம் பக்கம், கீழே:
'செவ்வந்தி' எனக் காணப்படுவதை
'செவந்தி' எனத் திருத்தி வாசிக்கவும்.

பிரதியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.
எதிர்க்கடையில் டீயோடு நின்றிருந்தேன்.
தர்கா பக்கத்து சிக்னலில் பஸ் நின்றபோது
ஜன்னலில் அவள் உதடு அசைந்தது.
யாரை, எந்தப் பேரில் கூப்பிட்டாளோ.
வெறுமனே சில்லறை எண்ணியிருக்கவும் கூடும்.

பச்சை விழுந்தது.
டீக்காரர் பாக்கி மூன்று ரூபாய் தந்தார்.