ரசமட்டம்

கலூஃப் கடற்கரையில் வண்டி நின்றதும்
வேதமணி முதலில் செய்வது
கடலைப் பார்ப்பதல்ல.
ரசமட்டத்தை எடுத்து உள்தரையில் வைத்து
மண்டியிட்டு, கன்னம் பாயில் படக் குனிந்து
குமிழி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பது.
"இடப்பக்கம் ரெண்டு பலகை குடு, மேபல்."
கொடுப்பேன்.
"ஒண்ண எடு."
எடுப்பேன்.
ருவியில் இருபத்துநாலு வருஷம்
ஊரார் வீட்டு ஏசியை மட்டம் பார்த்து மாட்டிய கண்.
குமிழி நடுவில் நிற்காமல்
அவருக்குச் சாயா இறங்காது.

இருபதடி கேரவன்.
நாடு திரும்பிய ஒரு ஜெர்மன் ஜோடியிடம் வாங்கியது.
குளிர்பெட்டிக் கதவில் அவர்கள் ஒட்டிவிட்டுப் போன மீன்
சிரித்துக்கொண்டே இருக்கிறது, உரிக்க வரவில்லை.
கம்பெனி கொடுத்த கடைசிப் பணம்.
மார்த்தாண்டத்து மனையில் அஸ்திவாரம் போட்டிருக்கலாம்.
தம்பி போனில் அதைத்தான் சொல்கிறான்:
"கம்பி வெல ஏறுது அக்கா."
இங்க அலை ஏறுது, என்றேன்.
அவனுக்கு விளங்கவில்லை.
எனக்கும் விளங்கிச் சொன்னதில்லை.
விசா முடிய நாற்பத்தொரு நாள்.

நூற்றிருபது லிட்டர் தண்ணீர்.
மாஹூத் பெட்ரோல் பங்கில் நிரப்பினால் ஐந்து நாள்,
தலைக்கு ஊற்றாவிட்டால் ஆறு.
பாத்திரம் அலம்பியது வாளிக்கு.
மற்றது கட்டிலுக்கடியில் ஒரு பெட்டிக்கு.
அந்தப் பெட்டியைத் தூக்கிப்போய்க் கொட்டுவது யார் என்று
இருபத்தாறு வருஷத் தாம்பத்தியம்
முதன்முறையாகச் சீட்டுக் குலுக்கிப் போட்டது.

ருவி வீட்டில் கோபம் வந்தால் சாத்த
இரண்டு கதவு இருந்தது.
இங்கே கோபம் வந்தால்
ஒருவர் பாலைவனத்துக்குப் போக வேண்டும்.
நேற்று நான் போனேன்.
சுண்ணாம்பு அரைத்துக் கொட்டிய மாதிரி மணல்.
செருப்பைக் கையில் எடுத்து நடந்து
திரும்பிப் பார்த்தால்
வீடு கட்டைவிரல் நகம் அளவு.
அதில் ஒரு விளக்கு.
அதற்குள் ஒரு மனுஷன் வெங்காயம் நறுக்குவது
அவ்வளவு தூரத்துக்குத் தெரியாது.
மூக்கை உறிஞ்சுவது வரைக்கும் தெரிந்தது.

ஹுமைதின் பிக்கப்பில் ஐஸ் பெட்டி பழுது.
வேதமணி ஒரு கம்பியைத் தொட்டு இன்னொன்றை முறுக்க
அது இரைந்து, விக்கி, ஓடிற்று.
கூலி, முழங்கை நீள நெய்மீன்.
உங்க வீடு எங்கே என்று ஹுமைது கேட்டதற்கு
இவர் கேரவனைத் தட்டிக் காட்டினார்.
அவன் குனிந்து சக்கரத்தைப் பார்த்தான்.
பிறகு கடலைப் பார்த்தான்.
ஏதோ சொன்னான், பௌர்ணமி என்று மட்டும் பிடிபட்டது.
நிலா அழகு என்கிறான் போல, என்றார் இவர்.

அன்று இரவு வீடு ஆடியது.
தொட்டில் ஆடுவது போல, நிதானமாக.
பூகம்பம் என்றார்.
கள்ளன் என்றேன்.
ஜன்னலில் ஒட்டகத்தின் கீழுதடு.
அரிப்பெடுத்த விலாவை
எங்கள் அலுமினியத்தில் தேய்த்துக்கொண்டிருந்தது,
கண்ணை மூடி,
யார் வீடு என்று ஒரு வார்த்தை கேட்காமல்.
விரட்ட இறங்கிய கால்
தண்ணீரில் இறங்கியது.
படியை நக்கிக்கொண்டிருந்தது கடல்.

அப்புறம் பேச்சில்லை.
பலகைகளை உருவி, பஜேரோவில் கொக்கி மாட்டி
மண்ணில் சக்கரம் சுற்றிச் சுற்றி
ஒரு வழியாக ஏறும்போது
உள்ளே தட்டு, கரண்டி, மிளகு டப்பா
ஒன்றையொன்று பேர் சொல்லிக் கூப்பிட்டன.
மேட்டில் நின்றபோது மணி இரண்டேகால்.
நிலா அழகுதான்.

ஒட்டகம் காப்பாற்றியது என்று
இதுவரை மூன்று பேரிடம் சொல்லிவிட்டார்.
அதுக்கு அரிச்சுது, என்பேன் நான்.

அன்றைக்கு ரசமட்டம் எடுக்கவில்லை.
சாய்வோடு சாய்வாகப் படுத்தோம்.
விடியும்வரை நான் அவர் பக்கம் உருண்டேன்,
அவர் சுவர்ப் பக்கம் உருண்டார்.
காலையில் குனிந்து குமிழியைப் பார்த்தார்.
ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.
பலகை கேட்கவில்லை.
சாயாவைக் குடித்தார்,
தம்ளரில் அதுவும் சாய்ந்துதான் இருந்தது.

பெட்டி நிறைந்திருந்தது.
சீட்டில் என் பேர்.