எட்டாவது குறுக்குத் தெரு

காலை ஆறரைக்குத் தள்ளுவண்டி நகரும்போதே
மூக்கு படிக்கத் தொடங்கிவிடும்.
காந்திநகர் எட்டாவது குறுக்குத் தெருவில்
நேற்று யார் என்ன தின்றார்கள் என்பது
தின்றவர்களுக்கு மறந்தபிறகும்
எனக்குத் தெரியும்.

மூன்றாம் எண்ணில் சோறு.
வடித்த சூடே ஆறாத மாதிரி
முழுக் குண்டானையும் கவிழ்த்த சோறு.
"இது குடிச்ச தண்ணிய எந்த லாரியில ஏத்தறது?"
என்பாள் சகாயராணி.
அவள் தெருவில் குழாய் வந்து
பதினோரு நாள்.

ஒன்பதாம் எண்ணில் கிவிப்பழம்.
தோல் நாற்பது நாளில் மண்ணாகிவிடும்.
அதில் ஒட்டிய நகத்தளவு ஸ்டிக்கர் ஆகாது.
கடல் தாண்டி வந்தது
என் கையுறையில் ஒட்டிக்கொண்டு
கழன்றுபோக மறுக்கும்.
ஷெட் கதவில் அப்பிவைப்போம்.
கதவு என்ன நிறம் என்று
இப்போது யாருக்கும் ஞாபகமில்லை.

பதினான்காம் எண்காரரை நான் பார்த்ததே இல்லை.
முட்டை ஓடு, முருங்கை ஈர்க்கு,
இலவம்பாடிக் கத்தரியின் முள்ளுக் காம்பு.
அவ்வளவுதான் ஒரு வாரத்துக்கு.
காம்பு கையுறையைத் தாண்டிக் குத்தும்.
குத்தினாலும் அந்த வாளி மேல்
எனக்கொரு பிரியம்.

இந்த வருஷம் கத்திரி வெயிலில்
உரம் வாங்கிப்போன சத்துவாச்சாரிக்காரர்
தக்காளி நாற்றோடு திரும்பி வந்தார்.
குருத்தெல்லாம் சுருண்டு
கைக்குழந்தை விரல் மடக்கின மாதிரி.
"என்னம்மா கலந்தீங்க?"

ஒன்றும் கலக்கவில்லை.
நாலாம் தொட்டியைக் கிளறினோம்.
மேலே எழுந்து வர வேண்டிய புழு
ஒன்றுகூட வரவில்லை.
அடியில், இன்னும் பச்சை மாறாமல்,
வெட்டிப்போட்ட புல்.

தெருவில் புல்தரை உள்ளது ஒரே வீடு.
பதினெட்டாம் எண்.
மாடு இல்லை, ஆடு இல்லை,
மேய யாருமில்லாத புல்லுக்கு
தினம் இரண்டு வேளை தண்ணீர்.

ஜெகதீஸ்வரி அம்மா நல்ல மாதிரி.
மோர் கொடுத்தார்.
"களைக்கு மட்டும்தான் அடிக்கிறோம்மா,
புல்லுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு கடைக்காரன் சொன்னான்."
பாட்டிலைக் கொண்டுவந்து காட்டினார்.
பொடி எழுத்து.
இருவரும் வெயிலுக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம்.
எது களை என்று
அதில் எழுதியிருக்கவில்லை.
புல்லுக்குள் ஓரமாக
ஒரு கீழாநெல்லி மட்டும்
தலை கவிழ்ந்து கருகியிருந்தது.

மோர் புளிப்பாக இருந்தது.
"போதும்மா" என்று சொல்லிக் குடித்தேன்.

எல்லார் வாளியையும் படிக்கிறேன்,
என் வாளியை யார் படிப்பது?
ஞாயிற்றுக்கிழமை பிரியாணி
வெள்ளிக்காகித டப்பாவில் வருகிறது.
தொட்டுக்கொள்ளக் கொடுத்த கத்தரிக்காயை
மகன் அப்படியே ஒதுக்குகிறான்.
மாசியிலேயே மாம்பழம் கேட்டான்,
நேதாஜி மார்க்கெட்டில் மூன்று கடை ஏறி
நானும் வாங்கினேன்.
மஞ்சளாக இருந்தது.
மாம்பழமாக இல்லை.

போன மாதத்திலிருந்து
பதினெட்டாம் எண்ணில்
புல்லைத் தனிச் சாக்கில் கட்டி வைக்கிறார்கள்.
சாக்கின் மேல் கரிக்கட்டியில்
"மருந்து" என்று எழுத்து.
அடிப்பதை நிறுத்தவில்லை.
சொல்லிவிட்டு அடிக்கிறார்கள்.
அதுவே பெரிசு என்கிறார் மேஸ்திரி முனவர்.

எந்தத் தொட்டிக்கும் அது ஆகாது.
எரித்தால் புகை.
புதைத்தால் பக்கத்திலேயே போர்.
ஷெட்டுக்குப் பின்னால் ஆறு சாக்கு
சுவரில் சாய்ந்து நிற்கின்றன,
ரயிலுக்கு வந்து
டிக்கெட் கிடைக்காத ஆட்கள் மாதிரி.

நேற்று சாயந்திரம் மேற்கே கருத்தது.
மழை வந்தால்
சாக்கிலிருந்து கசிவது
எந்தப் பக்கம் இறங்கும் என்று
ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன்.

கொஞ்சம் நின்றது.
பிறகு
எல்லாப் பக்கமும் போயிற்று.