ஏலம் போகாத சுவர்

ஈரோட்டில் ஏறும்போது மணி ஒன்று பத்து.
பெட்டி முழுக்கப் போர்வைகள்.
செல்போன் வெளிச்சத்தில் எண் தேடினோம்.
முப்பத்தி நாலில் யாரோ ஒருவரின் கால்.
பெனிட்டா அதை
ஈரமான ரசீதுப் புத்தகத்தைப்போல
இரண்டு விரலால் நகர்த்திவைத்தாள்.

நாலு பேரும் மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறவர்கள்.
குளித்து, பவுடர் போட்டு, மல்லிகை வைத்தும்
டிக்கெட் இல்லாமல் கூடவே ஏறியிருந்தது அந்த வாசம்.
கீழ்ப் படுக்கையில் ஒருவர்
கண் திறக்காமலே கேட்டார்:
"யார் வீட்டுல கல்யாணம்?"
கரூர் தாண்டும்வரை
தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தோம்.

திருச்சியில் டீ குடிக்க
கஸ்தூரியும் நானும் மட்டும் இறங்கினோம்.
காகிதக் குவளையை
இரண்டு கையாலும் பிடித்தபடி சொன்னாள்:
"போறதுக்கு நாலு டிக்கெட் போட்டேன்.
வரதுக்கு மூணு."
வண்டி ஊதியது.
பாதி டீயைத் தண்டவாளத்தில் கொட்டிவிட்டு
ஓடி ஏறினோம்.

தஞ்சாவூர் இருட்டில் போனது.
கும்பகோணத்தில் நசீமா ஒருமுறை எழுந்து
"கடல் வந்துருச்சா?" என்றாள்.
சிதம்பரத்தில் வெயில்.
வெள்ளாற்றுப் பாலத்தில்
பெட்டிக்குள் கம்பி நிழல்கள் ஓடின,
கஸ்தூரியின் முகத்திலும்.
கடலூர் துறைமுகத்தோடு சரி.
தண்டவாளம் இன்னும் போகிறது,
வண்டி போகாது.

அப்புறம் பஸ்.
பெண்ணையாறு. தென்னை. நாலு வழிச்சாலைத் தூசி.
வரிசையாகச் சாராயக்கடைப் பலகைகள் வந்ததும்
"எல்லை தாண்டிட்டோம்" என்றாள் பெனிட்டா.

புதுச்சேரியில் தெருப் பலகை ஒவ்வொன்றும்
"ரூ" என்று தொடங்கியது.
பெனிட்டா எழுத்துக்கூட்டிப் படிக்க,
நசீமா இடுப்பில் கைவைத்து நின்றாள்:
"ரூபாய் சரி, தொகை எங்க?
இப்படி ஒரு பில்லு கொண்டாந்தா
நம்ம மொதலாளி கிழிச்சுப் போடுவாரு."

பிறகு அந்தச் சுவர்.
மூலையிலிருந்து மூலைவரை மஞ்சள்.
காகிதப்பூ மேலே வழிந்து கிடந்தது.
எல்லோரும் அதன்முன் நின்று
படம் எடுத்துக்கொண்டிருக்க
எங்களுக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு.
ராத்திரியெல்லாம் ஓடிவந்து
மறுபடி மஞ்சள்கிட்டயேவா?

நசீமா ஏலத்தைத் தொடங்கினாள்.
"விரலியா, கிழங்கா?"
"பழைய சரக்கு. ஈரம் இருக்கு."
"குவிண்டால் பதினோராயிரம்!"
"பதினொண்ணு நானூறு!"
சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர்
விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு
எந்தப் பக்கம் ஜெயிக்கிறது என்று பார்த்தார்.

கஸ்தூரி விலை கேட்கவில்லை.
நகத்தால் கொஞ்சம் சுரண்டி
மூக்கருகே வைத்துப் பார்த்தாள்.
"வாசமே இல்ல" என்றாள்.
அது குறை சொல்லும் குரல் இல்லை.

மத்தியானம் கடற்கரையில்
கறுப்புப் பாறைமேல் செருப்பைக் கழற்றிவைத்து
நசீமா அலையைத் திட்டிக்கொண்டிருந்தாள்,
முதல்முறை பார்க்கிற எதையும்
அவள் திட்டித்தான் பழகுவாள்.
கஸ்தூரி என் பக்கம் தள்ளி உட்கார்ந்தாள்.
"ஆஸ்பத்திரி பில் கவுண்டர். திங்கக்கிழம சேரணும்.
ஏசி ரூமு."
"டெட்டால் நாறும்" என்றேன்.
"நாறட்டும்."
அவள் உள்ளங்கை ரேகைகளில் இன்னும் மஞ்சள்.
பதினொரு வருஷம்.
நான் என் கையை மடியில் கவிழ்த்துவைத்தேன்.

சொல்லிவிடு என்றேன்.
பொம்மை வாங்கும்போது சொல்கிறேன் என்றாள்.
மீன் குழம்புச் சாப்பாட்டில் சொல்கிறேன் என்றாள்.
பெனிட்டா ஏழு பேருக்குச் சாவிக்கொத்து வாங்கினாள்.
சர்ச் மணி அடித்தது.
அவள் சொல்லவில்லை.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட்.
கடலூர் வண்டி திரும்பி நிற்பதற்குள்
நசீமா ஓடிப்போய்
ஜன்னல் வழியாகக் கைக்குட்டை எறிந்து
இடம் பிடித்தாயிற்று.
நாலாவது இடத்துக்குத் துப்பட்டா.
"ஏறு புள்ள, ஜன்னலோரம் உனக்குத்தான்!"

கஸ்தூரி கீழே
பையைத் தோள் மாற்றிக்கொண்டு நின்றாள்.
எங்களைப் பார்த்துச் சிரித்தாள்,
ஏறவில்லை.

கண்டக்டர் என் தோளைத் தொட்டார்.
"எத்தனைம்மா?"

கூட்டல் கழித்தலில்
மண்டியிலேயே என்னை மிஞ்ச ஆளில்லை.
பர்ஸைத் திறந்து
சில்லறை தேடுகிறாற்போல்
குனிந்துகொண்டேன்.