கன்னத்தில் இரண்டு கட்டைவிரல்

பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும்
நின்றுகொண்டே போகிறவர்கள் நாங்கள், பின்லாந்துக்காரர்கள்.
தோள் உரசினால் மன்னிப்புக் கேட்போம்,
அதுவும் வாய்க்குள்ளேயே.
அப்படிப்பட்ட ஊரில்
ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குள்
நாற்பது அந்நியர்களின் கன்னத்தை
நான் அழுத்திப் பார்த்துவிடுகிறேன்.

சம்பளமில்லாத வேலை.
லாப்புவா ஆற்றுக்கு வடக்கே, பைன் மரங்களுக்கு நடுவே
சரளைக்கல் ஓடுபாதை. ஒரு மடக்கு மேசை.
காகிதக் கோப்பையில் ஆறிப்போன காப்பி, அதில் ஒரு கொசு.
தச்சர் வருவார், பல் மருத்துவர் வருவார்,
பன்றிப் பண்ணைக்காரி சனெல்மா வருவாள்.
கார்களில் முன்கண்ணாடி கிடையாது, கம்பிவலைதான்.

"தலையை ஆட்டுங்கள்."
நெற்றித்தோல் ஹெல்மெட்டோடு சேர்ந்து நகர வேண்டும்.
தலை முன்னால் போய் அது பின்னால் வந்தால்
ஹெல்மெட் இல்லை, வாளி.
பிடரியில் விரல் கொடுத்து முன்பக்கம் உருட்டுவேன்;
கழன்றால் வீட்டுக்கு.
கன்னச் சதை பற்களுக்கு நடுவே வர வேண்டும்,
பேசினால் கடித்துக்கொள்கிற அளவுக்கு.
அணில் மாதிரி இருக்கிறதே என்று வெட்கப்படுகிறவர்களை
உடனே உள்ளே விடுவேன்.
அழகாக இருப்பவர்கள் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

அர்மாஸ் கடைசியில் வந்தார்.
ஹெல்மெட் முழுக்க ஒரு கொக்கு:
பின்மண்டையில் கால், நெற்றியில் அலகு.
வரைய மூன்று குளிர்காலம் ஆனதாம்.
"என்ன பெயின்ட்?"
"வேலிக்கு அடித்ததில் மிச்சம்."
மேலோட்டை அது தின்றிருக்கலாம், தின்னாமலும் இருக்கலாம்.
'இருக்கலா'மை நான் யார் தலையிலும் மாட்டுவதில்லை.
உட்துணியை விலக்கினேன். ஒட்டுத்தாள் சொன்னது:
மோட்டார் சைக்கிளுக்கானது.
"இதுவும் ஹெல்மெட்தானே?"
"தெருவில் தூக்கி எறியப்பட்டால், ஆமாம்.
இரும்புக் கூண்டுக்குள் வார் போட்டுக் கட்டுண்டிருக்கையில்
பெட்ரோல் பற்றினால்
இந்தப் பஞ்சு உருகி உங்கள் காதோடு ஒட்டும்.
காருக்கானதில் துணி வேறு. அவ்வளவு லேசில் தீப்பிடிக்காது."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போக வேண்டுமென்றால்
தலைப்பாகையாவது ஒழுங்காக இருக்க வேண்டாமா?

அவர் கத்தவில்லை. இங்கே யாரும் கத்துவதில்லை.
தொத்திறைச்சிக் கடையோரம் போய்ப்
புகையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கியர் பெட்டி பழுதாகி, மோதாமல் கொள்ளாமல்
முதல் சுற்றிலேயே திரும்பிய சனெல்மா
தன் ஹெல்மெட்டை நீட்டினாள்.
"ஈரமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்."
வேறொருத்தியின் வியர்வைக்குள் தலையை நுழைத்தார்.
கட்டைவிரல்களை வைத்தேன்.
முள்தாடி. உள்ளே ஏதோ துடித்தது.
நகரவில்லை. போங்கள் என்றேன்.

நான்காவதாக வந்தார்.

இந்தப் பந்தயத்தில் ஒரு விதி:
குறித்த விலையோடு யார் வந்து கேட்டாலும்
ஓடிய காரைக் கொடுத்தே தீர வேண்டும்.
அதனால் ஒருவரும் காரில் பணத்தைக் கொட்டுவதில்லை.
தலையை விற்கச் சொல்லும் விதி கிடையாது.
ஆனால் அதிலும் கொட்டுவதில்லை.

அர்மாஸின் காருக்கு மூன்று பேர் சீட்டுப் போட்டார்கள்.
குலுக்கலில் விழுந்தது சனெல்மாவுக்கு.

வெயில் மட்டும் போக மனமில்லாமல் நின்ற மாலையில்
ஒரு கையில் பணம், மறுகையில் கொக்கு,
கார் இல்லாமல் என் மேசைக்கு வந்தார்.
"அளவெடுங்கள்."
புருவத்துக்கு ஒரு விரல் மேலே நாடாவைச் சுற்றினேன்.
ஐம்பத்தொன்பதரை. இரண்டு அளவுக்கு நடுவில்.
"எதை வாங்க?"
"முதலில் சின்னதை. போகப் போக இளகிக்கொடுக்கும்.
கடையிலேயே கால் மணி நேரம் போட்டுக்கொண்டு நில்லுங்கள்.
ஓரிடத்தில் மட்டும் குத்தினால் உங்கள் மண்டைக்கு அது ஆகாது.
யாருடைய பழையதும் வேண்டாம்.
விழுந்த கதையை அது சொல்லாது."
"கார்?" என்றேன்.
"அது பிறகு."

என்னிடம் கத்தி வாங்கிக்
கொக்கின் தாடைப்பட்டையை அறுத்தார்,
யாரும் எடுத்து மாட்டிக்கொண்டுவிடக் கூடாதென்று.
நைலான். வெகுநேரம் பிடித்தது.

கடைசிப் பேருந்து ஏழே முக்காலுக்கு.
நின்றுகொண்டேதான் போயிருப்பார்.