பத்தொன்பதாம் நாள்

எலி தின்று பத்தொன்பது நாளாச்சு.
கெம்பன் இன்னும் போகவில்லை.

சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்த கையோடு
டப்பில் வெந்நீர் விளாவினேன்,
குழந்தைக்குப் பார்ப்பதுபோல் முழங்கை தோய்த்து.
அரைமணி கிடந்தான்.
தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

துடைத்துத் தோளில் விட்டேன்.
காரை எலும்பின் மேல் அவசரமே இல்லாமல்
ஓசூர் டிராஃபிக் போல நகர்ந்தான்.

அப்போது பார்த்து
வாசலில் ஹவுஸ் ஓனர் நஞ்சுண்டப்பா.
"விஷம் இல்லீங்க சார், வெளிநாட்டு ஜாதி,
பேப்பரெல்லாம் பக்காவா இருக்கு."
அவர் கேட்க வந்தது அதையல்ல.
"வர்ற மாசத்துலேருந்து ஐந்நூறு
சேர்த்துக் குடுக்கணும்மா..."

வால் லேசாகத் தூக்கியது.
எனக்குத் தெரியும் அந்தத் தூக்கல்.

கம்பெனிச் சட்டை முதுகெல்லாம்
கறுப்பாய்க் கொழகொழவென்று,
நடுவில் சுண்ணாம்புக் கட்டியாய்
வெள்ளை ஒன்று.
நாற்றம்
படியிறங்கிய நஞ்சுண்டப்பாவைக்
கேட் வரைக்கும் கொண்டுபோய் விட்டது.

நான் அசையவில்லை.
பாதியில் கலைத்தால் அடக்கிக்கொள்வான்.
அப்புறம் இன்னும் எத்தனை நாளோ.

சட்டையை ஊறவைத்துவிட்டு
காலண்டரில், பால் கணக்குக்குப் பக்கத்தில்
எழுதினேன்: போய்ட்டான்.

காசு வாங்க வந்த பால்காரப் பெண்
அதைப் படித்துவிட்டு
மெதுவாகக் கேட்டாள்:
"எப்போக்கா எடுக்கறாங்க?"