முந்தைய அளவு

தண்ணீர் வாரியத்தில் என் வேலை
குனிவது.
நடைபாதை மூடியைக் கம்பியால் நெம்பி
சிலந்தியை ஊதி விரட்டி
ஐந்து எண்களைப் படிப்பது.
எண் பொய் சொல்லாது என்பார் மேலாளர் ஒஸ்ஸாந்தோன்.
அவர் குனிந்ததில்லை.

கடல் வந்து பதினோரு வருடமாயிற்று.
சிலியின் இந்தக் கரையில் அப்படித்தான் சொல்வோம்,
விருந்தாளியைச் சொல்வதுபோல: கடல் வந்தபோது.
என் கைக்கருவியில் இன்னும் இருக்கிறது
லாஸ் அல்மேஹாஸ் தெரு,
முப்பத்தேழு வீடு.
நேரில் போனால் புல்.
ஒரு குளியலறையின் தரை மட்டும் மிஞ்சி,
அந்த நீல ஓட்டின்மேல் யாரோ காயப்போட்ட வலை.
வீட்டுக்கு வீடு கருவி கேட்கும்: அளவு?
ஒன்பதை அழுத்துவேன்.
ஒன்பது என்றால் 'அணுக இயலவில்லை'.
முப்பத்தேழு ஒன்பது.
நீக்கச் சொல்லித் தலைமையகத்துக்கு ஒரு கடிதம் போதும்.
போடவில்லை.
ஏனென்று கேட்காதீர்கள்.

அன்று விடியற்காலை
மேட்டுத் தொட்டி வற்றுகிறது, கீழ் வால்வுகளை அடை என்றார்கள்.
மிச்சத் தண்ணீர் ஆஸ்பத்திரிக்கு.
சரியான உத்தரவு. இன்றைக்கும் அதையே சொல்வேன்.
எரிபெர்த்தோவும் நானும் சேற்றில் துழாவித் துழாவி
அறுபத்தொரு வால்வு அடைத்தோம்.
நாற்பதாவதோ, நாற்பத்தொன்றோ,
ஒரு பெண் வாளியோடு நின்றார்.
உடைந்த குழாயில் நூலாக ஓடிக்கொண்டிருந்தது.
"இவன் முகத்தை மட்டும் கழுவிக்கொள்கிறேன்."
பெயர்ந்த கதவொன்றின்மேல்
மகனைக் கிடத்தியிருந்தார்.
கழுவுங்கள் என்றேன்.
அதற்குள் என் கை
சாவியைத் திருப்பி முடித்திருந்தது.

எரிபெர்த்தோ வேலையை விட்டு ரொட்டிக்கடை வைத்தான்.
விடிய விடிய மாவு பிசைகிறான்.
தூக்கம் நன்றாக வருகிறதாம், பகலில்.

எங்கள் வீட்டுக் குழாயை நான் இறுக்கி மூடுவதில்லை.
நெல்தா பின்னாலேயே வந்து மூடுவாள்.
பதினோரு வருடமாக,
ஒரு வார்த்தை கேளாமல்.

வாளியோடு நின்றவர் பெயர் எதெல்மிரா.
குன்றுக் குடியிருப்பில் நான்காம் வரிசை.
அவர் மீட்டர் என் வழித்தடத்தில்தான் வருகிறது.
ஜனவரி வெயிலில் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டுவார்.
என்னை அவருக்கு அடையாளம் தெரியாது.
அல்லது தெரியும்.
எதுவானாலும்
கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டே
தம்ளரைத் திருப்பித் தருகிறேன்.

மார்ச் தோறும் சுகாதாரத் துறையிலிருந்து படிவம் வரும்.
பொது ஊழியர் நலம் பற்றியது.
கடந்த இரண்டு வாரங்களில் உறக்கம் எப்படி?
கடந்த இரண்டு வாரங்களில் பதற்றம் உண்டா?
பூஜ்யம் முதல் மூன்றுவரை.
பத்து வருடம் வரிசையாகப் பூஜ்யம் போட்டேன்.
மீட்டர் படிக்கிறவனுக்குத் தெரியும்,
பூஜ்யத்துக்கு இரண்டு பொருள்:
வீட்டில் ஆளில்லை,
இல்லையென்றால் மீட்டர் பழுது.
மூடியைத் திறந்து பார்க்க ஒருவரும் வரவில்லை.
வந்திருந்தால்
நானே மூடிமேல் ஏறி நின்றிருப்பேன்.

பில் எப்படிப் போடுகிறார்கள் தெரியுமா?
இப்போதைய அளவிலிருந்து முந்தைய அளவைக் கழிப்பார்கள்.
முந்தையது இல்லாவிட்டால்
இந்த எண் வெறும் எண்.
படிவத்தில் அதற்குக் கட்டமே இல்லை.

இந்த வருடம் உறக்கத்துக்கு இரண்டு போட்டேன்.
ஓரத்தில் பொடி எழுத்தில்,
முந்தைய அளவு: 61.

செவ்வாய்க்கிழமை தொலைபேசி அடித்தது.
கொன்செப்சியோனிலிருந்து ஒரு இளங்குரல்,
பின்னால் தட்டச்சுச் சத்தம்.
"அறுபத்தொன்று என்று எழுதியிருக்கிறீர்கள்.
என்ன அலகு அது?"

நல்ல கேள்வி.
நடுத்தெருவில் நின்றிருந்தேன்,
காலடியில் ஒரு மூடி திறந்து கிடந்தது.
கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு
முட்டி மடக்கி
அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.